தொண்ணூற்றாறு பூஜ்யம்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப். பெயர் வேண்டாம். அங்கே தொண்ணூற்றாறு ஆட்களுக்கு மூன்று நாளில் காது பரிசோதனை செய்தேன். தொண்ணூற்றாறு பேருக்கும் காதில் இரைச்சல் கிடையாது என்று எழுதி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் போட்டேன். இரும்புத் தகட்டை நாள் முழுக்க அடித்து வளைக்கிற இடத்தில் ஒருத்தருக்குக்கூட இரைச்சல் இல்லையாம். அப்படி எழுதிய புத்திசாலி நான்தான்.

என் வேலை ஆடியோமெட்ரி. காதில் ஹெட்போனை மாட்டி, சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்பி, கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லி, ஒரு தாளில் புள்ளி வைப்பது. திண்டுக்கல்லில் படித்துவிட்டு, கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தேன். ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். கம்பெனி மெடிக்கல் என்றால் என்னையும் மெஷினையும் காரில் ஏற்றி அனுப்பிவிடுவார் டாக்டர். "ஸ்டெல்லா, அங்க போயி யார்கிட்டயும் சண்டை போடாம வா" என்பதுதான் அவருடைய வழியனுப்பு.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. என் வேலைக்கு இப்போது வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஜெயித்த கதை என்று நினைத்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் தப்பு என்னுடையது.

1. இதற்கு மீட்டர் கிடையாது

டின்னிடஸ் என்றால், வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோதும் ஆளுக்குக் காதுக்குள் கேட்கிற இரைச்சல். சிலருக்கு வண்டு, சிலருக்கு விசில், சிலருக்குக் குக்கர். அதை அளக்க மீட்டர் கிடையாது. எக்ஸ்ரேயில் தெரியாது. நான் புள்ளி வைக்கிற ஆடியோகிராம் தாள் முழுக்க நார்மலாக இருக்கும், ஆள் பைத்தியம் பிடிக்கிற நிலையில் இருப்பார். அந்த ஆளையே கேட்டால்தான் உண்டு.

கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இருபத்தைந்து கேள்விகள். இரைச்சலால் கவனம் சிதறுகிறதா, தூக்கம் கெடுகிறதா, வீட்டில் எரிந்து விழுகிறீர்களா, இதிலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறதா, இப்படிப் போகும். ஆமாம் என்றால் நான்கு, சில நேரம் என்றால் இரண்டு, இல்லை என்றால் பூஜ்யம். மொத்தம் நூறு. எண் ஏற ஏற ஆள் அதிகமாக அவதிப்படுகிறார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இருந்ததை நானும் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் உட்கார்ந்து தமிழில் எழுதினோம். டாக்டர் பார்த்துத் திருத்தினார்.

அந்த பிரஸ் ஷாப் மெடிக்கலில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"காது கேக்குதா இல்லையான்னு பார்க்கத்தாம்மா கூப்பிட்டிருக்காங்க" என்றார் டாக்டர்.

"கேக்கக் கூடாதது கேக்குதான்னும் பார்க்கணும் சார்" என்றேன்.

கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் ஆச்சரியமாக உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. "எங்க ஃபார்மேட்ல நாங்களே பிரிண்ட் எடுத்துக்கறோம் மேடம். லைன்லயே ஃபில் பண்ணி வாங்கிக் கொடுத்துடறோம். உங்களுக்கும் டைம் மிச்சம்."

டைம் மிச்சம் என்றதும் நானும் தலையை ஆட்டினேன். இருபத்தைந்து கேள்வி, மூன்று கட்டம், அழகாகக் கோடு போட்டு அச்சடித்த தாள்கள் வந்தன. எல்லாத் தாளிலும் 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு. சர்ரென்று இழுத்த கோடு. பாதித் தாள் பார்க்கும்போதே என்னவோ உறுத்தியது. பசி, கேன்டீன் மூடுகிற நேரம், வாசலில் கார் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கூட்டுத்தொகை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதி, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

2. ஏழாம் நம்பர் பிரஸ்

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கெலமங்கலத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் கிளினிக்குக்கு வந்தார்கள். அவர் பெயர் மாதேஷ். முப்பத்தைந்து வயது இருக்கும். அதே பிரஸ் ஷாப்பில் ஏழாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர். மனைவி ரத்னம்மா. இருவரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், என்னிடம் தமிழில்.

ரத்னம்மாதான் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சார்ஜ் ஷீட். மாதேஷ் ஒரே மாதத்தில் மூன்று தடவை ஏழாம் நம்பர் பிரஸ்ஸை நடு ஷிஃப்டில் நிறுத்தியிருக்கிறார். மூன்று தடவையும் காற்று லீக் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். மெயின்டெனன்ஸ்காரர்கள் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தும் எங்கேயும் லீக் இல்லை. வேண்டுமென்றே உற்பத்தியை நிறுத்தினார் என்று குற்றச்சாட்டு. சஸ்பெண்ட் செய்துவிட்டு, உள்விசாரணை வைத்திருந்தார்கள்.

"லீக் ஆவற சத்தம் கேக்குதுங்க மேடம். உஸ்ஸுன்னு விடாம. பிரஸ்ஸுக்கு கிளட்ச்சும் பிரேக்கும் காத்துலதான் வேல செய்யும். லீக் சத்தம் கேட்டா நிறுத்திரணும்னு டிரெய்னிங்லயே சொல்லிக் கொடுத்திருக்கறாங்க. தகட்ட அமுக்கற டை அச்சுக்குள்ள கை போற வேலைங்க. நிறுத்தாம எப்பிடிங்க?"

"வீட்லயும் அதேதாங்க மேடம்" என்றார் ரத்னம்மா. "கேஸ் லீக் ஆவுது, கேஸ் லீக் ஆவுதுன்னு அடுப்புகிட்ட போயிப் போயிப் பாக்கறாரு. மூணு தடவ டியூப மாத்தியாச்சு. சிலிண்டர் போடற பையன் எங்கள பாத்தாலே சிரிக்கறான்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பரிசோதித்தேன். நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்தில் மட்டும் கேட்கும் திறன் கொஞ்சம் இறக்கம், அதுவும் கம்பெனி ஒத்துக்கொள்ளும் வரம்புக்குள். பிறகு கேள்வித்தாளையும் பேனாவையும் கொடுத்து உட்கார வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் முடித்துவிட்டார். 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு!

"என்னங்க இது? உஸ்ஸுன்னு கேக்குதுன்னு இப்பதான சொன்னீங்க? தூக்கம் கெடுதான்னு கேட்டா இல்லைன்னு கோடு போடறீங்க?"

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே விழித்தார். "செக் ஷீட்டுன்னு நெனச்சு கை தானா போயிருச்சுங்க மேடம்."

அப்போதுதான் எனக்குச் செக் ஷீட்டைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு அட்டை தொங்கும். ஆயில் லெவல், போல்ட், காற்றுக் கசிவு, கையைக் காக்கிற தடுப்பு என்று இருபது முப்பது ஐட்டம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. சைரன் ஊதியதும் மேலிருந்து கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். ஒன்றில் 'சரியில்லை' என்று போட்டால் மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் வந்து நிற்பார், அன்றைய கணக்கு கெடும். கட்டம் போட்ட தாளைக் கண்டாலே பிரஸ் ஷாப்காரர்கள் கைக்கு அந்தக் கோடுதான் வரும்.

"ஏழாம் நம்பர் கிளட்ச்சக் கழட்டி நாலு நாள் பெங்களூர் அனுப்புனாங்க. மெஷின்ல ஒண்ணுமே இல்ல, வெறும் சட்டம். அந்த நாலு நாளும் எல்லாம் சரின்னு நான் கோடு போட்டனுங்க. சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சூப்பர்வைசர் செய்ததைத்தானே நானும் தொண்ணூற்றாறு தடவை செய்திருக்கிறேன்!

பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கேள்விகளை நானே ஒவ்வொன்றாகப் படித்தேன். கோபம் வருமா என்று கேட்டேன். ரத்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆமாங்க" என்றார் மாதேஷ். இதிலிருந்து தப்ப முடியாது என்று தோன்றுகிறதா என்று கேட்டபோது, "அதாங்க, அதேதாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கூட்டினால் எழுபத்திரண்டு. முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். இது டின்னிடஸ்தான், சந்தேகமே இல்லை என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். போகும்போது மாதேஷ் கேட்ட கேள்வி இது: "அப்ப நெசமாவே லீக் எதுவும் இல்லைங்களா மேடம்?" அந்த மனுஷன் அந்த நிமிடம் வரைக்கும் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

3. கம்பெனித் தரப்புச் சாட்சி

அடுத்த வாரம் கிளினிக்குக்கு ஒரு கடிதம் வந்தது. விசாரணைக்கு நான் வர வேண்டும், கம்பெனித் தரப்புச் சாட்சியாக! மாதேஷ் சர்டிபிகேட்டைக் கொடுத்ததும், அதை உடைக்க அவர்கள் எடுத்த ஆயுதம் என்னுடைய பழைய தாள்தான். இரண்டு மாதத்துக்கு முன் இரைச்சல் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார், ஆடியோமெட்ரிக்காரம்மாவே சரிபார்த்திருக்கிறார், இப்போது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நாடகம் போடுகிறார் என்பது அவர்கள் வாதம்.

டாக்டர் தர்மசங்கடப்பட்டார். "கையெழுத்து உன்னோடதான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துடு. அதுக்கு மேல எதுவும் பேசாத. அந்த ஒரு கம்பெனி போனா அதைப் பார்த்து இன்னும் நாலு கம்பெனி போகும்மா."

"ஆமான்னுதான் சார் சொல்வேன்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

விசாரணை நாளில் கேட்டுக்கு வெளியே மாதேஷ் நின்றிருந்தார். செக் ஷீட் விஷயத்தை உள்ளே சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். சொன்னால் அவரும் பொய்க்கோடு போட்டவர்தான் என்று வெளியே வரும். அது அவர் தலைக்கே வினையாகலாம். 

"சொல்லுங்க மேடம். பேப்பர்ல பொய்க்கோடு போட்டவன்னு அனுப்புனா போறேன். போட்டன்ல. வேணும்னு மெஷின நிறுத்துனவன்னு மட்டும் அனுப்பக் கூடாது. அத நான் செய்யல."

உள்ளே ஏ.சி. ரூம். விசாரணை அதிகாரி கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த வயதான வக்கீல். கம்பெனிக்காக வாதாட எச்.ஆர். மேனேஜரே உட்கார்ந்திருந்தார். மாதேஷுக்குத் துணையாக அவரோடு வேலை பார்க்கும் ஒருவர். மேனேஜர் என் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மேடம், இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா."

"டோட்டல் ஜீரோன்னு எழுதினது?"

"நான்தான்."

"தேங்க் யூ மேடம். அவ்வளவுதான்."

"அவ்வளவு இல்லைங்க சார்" என்றேன். "கையெழுத்து என்னுது. பேப்பர் தப்பு."

 மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "தப்பான பேப்பர்ல ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"சோம்பேறித்தனம். அவர்கிட்ட ஒரு கேள்விகூட நான் வாயால கேக்கல. கேக்காமலே கேட்ட மாதிரி போட்டேன். எழுதிக்கோங்க."

"அப்ப மத்த தொண்ணூத்தஞ்சு பேர் பேப்பர்?"

"அதுவும் தப்பு."

"உங்க தொழிலையே நீங்க கேவலப்படுத்தறீங்க மேடம்."

அந்த வார்த்தையில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விசாரணை அதிகாரியின் பக்கம் திரும்பினேன். ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் செக் ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கிளட்ச்சைக் கழற்றி பெங்களூருக்கு அனுப்பிய மாதத்துத் தாள் வேண்டும் என்றேன். மேனேஜர் துள்ளினார். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, அது புரொடக்ஷன் ரெக்கார்டு என்றார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கோட்டை நம்புன்னு நீங்கதான் என் முன்னால வெச்சிருக்கீங்க. இன்னொரு கோட்டைப் பாக்கட்டுமான்னு இந்தம்மா கேக்கறாங்க. பாத்தா என்ன?"

தாள் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மெஷின் வெறும் சட்டமாக நின்ற நான்கு நாளுக்கும் நான்கு கோடுகள். கிளட்ச் சரி. பிரேக் சரி. காற்றுக் கசிவு இல்லை. கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. பக்கத்தில் என் தாள், அதே மாதிரிக் கோடு, கீழே என் கையெழுத்து.

"இந்த நாலு நாளும் மெஷின் நல்லா இருந்துச்சுன்னு நீங்க ஒத்துக்கிட்டா, இவர் காதும் நல்லா இருந்துச்சுன்னு நானும் ஒத்துக்கறேன் சார்" என்றேன்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. தணிக்கைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்தால் முதலில் கேட்கிற தாள் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். அவசரமாக அதை ஃபைலுக்குள் தள்ளப் பார்த்தார். வக்கீல் அதன் மேல் கையை வைத்து, ஒரு நகல் வேண்டும் என்றார்.

பிறகு அவர் மாதேஷைப் பார்த்து, "இப்ப கேக்குதாப்பா அந்தச் சத்தம்?" என்று கேட்டார்.

"கேக்குதுங்க. இந்த ரூம்ல மெஷின் இல்லீங்களா, இங்கதான் ரொம்ப நல்லாக் கேக்குது."

வக்கீல் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

4. அதற்குப் பிறகு

வேலையை விட்டு நீக்கவில்லை. குற்றம் நிரூபணமாகவில்லை என்று அறிக்கை வந்தது. ஆனால் மெஷினை நிறுத்தியதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பிரஸ்ஸிலிருந்து எடுத்து, இன்ஸ்பெக்ஷன் டேபிளுக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி. எச்சரிக்கை எதற்கு? அதில் அவர் செய்த குற்றம், கை போகக் கூடாது என்று மெஷினை நிறுத்தியது. அந்தக் கடிதத்தை நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பெனி எங்களை அடுத்த வருடம் கூப்பிடவில்லை. டாக்டர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் என் மேஜைக்கு வந்து, "அந்தக் கேள்வித்தாள்ல கட்டமே இல்லாம ஒண்ணு டைப் பண்ணிக் கொடும்மா, ஓ.பி.யிலயும் வெச்சுக்கலாம்" என்றார். மன்னிப்பு கேட்க அவருக்குத் தெரிந்த முறை அது. நானும் விட்டுவிட்டேன்.

மிச்சம் தொண்ணூற்றைந்து தாள் என் தலையில் உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்குள் விட மாட்டார்கள். எங்கள் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கினேன். வார விடுமுறை நாளில் வரச் சொல்லி மாதேஷ் ஆட்களிடம் சொன்னார். பயந்துகொண்டு பலர் வரவில்லை. வந்தவர்களைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் நானே வாயால் கேட்டேன். கன்னடம் மட்டும் பேசுகிறவர்களுக்கு அந்தப் பள்ளியின் கன்னட டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். பாதிக்கு மேல் ஆட்களுக்கு இரைச்சல் இருந்தது. பேரிகையிலிருந்து வந்த ஒரு வெல்டர் சொன்னார்: "எல்லாருக்கும் இருக்கறதுதானன்னு இருந்துட்டேன் மேடம். இத யாரும் கேட்டதே இல்லையே." என் முதல் தாளில் அவருக்கும் பூஜ்யம்தான்.

எனவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பேனாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். சூப்பர்வைசரை அறைக்குள் விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே பதில் வந்தால் தாளைச் சந்தேகப்படுங்கள், பிறகு உங்களைச் சந்தேகப்படுங்கள். தப்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தாளை நம்பி ஒருவர் தலையில் கை வைக்கும்போது எழுந்து நின்று தப்பு என்று சொல்லுங்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள். என்னையும் சொன்னார்கள். அந்தத் திமிர் இல்லாத நாளில்தான் நான் தொண்ணூற்றாறு பூஜ்யம் எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து மாதேஷ் மறுபரிசோதனைக்கு வந்தார். சத்தம் போகவில்லை. போகும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அது லீக் இல்லை என்று தெரிந்ததே பாதி மருந்து என்றார். வீட்டில் ஃபேனையும் ரேடியோவையும் மெதுவாக ஓடவிட்டுத் தூங்கப் பழகியிருந்தார். கேஸ் அடுப்புப் பக்கம் போவதில்லை என்று ரத்னம்மா சாட்சி சொன்னார்.

கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஆமாம் குறைந்திருந்தது, இல்லை கூடியிருந்தது. இதிலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு வந்தோம். முன்பு 'அதாங்க, அதேதாங்க' என்று அவர் சொன்ன கேள்வி.  வெளியே யாரோ முணுமுணுத்தார்கள். நான் தாளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"சில நேரம்ங்க" என்றார்.

இரண்டு என்று எழுதினேன். அந்த பிரஸ் ஷாப் ஆட்களுக்காக நான் போட்ட எல்லா எண்ணிலும், ஒன்றை எங்கே வேண்டுமானாலும் எழுந்து நின்று என்னுடையது என்று சொல்வேன் என்றால், அது அந்த இரண்டுதான்.